எழுதி முடிஞ்சதுன்னு சொல்லுது, போர்டு எழும்பல: எஸ்டி கார்டு இமேஜ் இழை

கெடிலக்கரை | 12 அக்டோபர் 2024, இரவு 9.50

பரங்கிப்பேட்டை பக்கம் இறால் குட்டைகளுக்கு ஆக்சிஜன், வெப்பநிலை பதிவு பண்ற பெட்டி போடறோம். ராஸ்பெர்ரி பை 3 கொஞ்சம், மிச்சமெல்லாம் ஆரஞ்சு பை ஜீரோ; ரெண்டுமே கையளவு குட்டி கம்ப்யூட்டர் போர்டு. ராஸ்பெர்ரி பைக்கு முன்னாடி நூப்ஸ் (அதோட ஓஎஸ் இன்ஸ்டாலர்) ஜிப்பைப் பிரிச்சு கார்டுல காப்பி பண்ணினேன், ஓடுச்சு. அதே மாதிரி ஆர்ம்பியன் (ஆரஞ்சு பை மாதிரி போர்டுகளுக்கான லினக்ஸ்) இமேஜை 7-ஜிப்ல திறந்து, உள்ள இருந்த பைலையெல்லாம் கார்டுல போட்டேன். ஆரஞ்சு பையில ஒரு லைட்டுகூட எரியல. கார்டு பாண்டி ஞாயிறு சந்தையில வாங்கினது. டூப்ளிகேட் கார்டுதான் காரணம்னு நான் சொல்றேன். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

உப்பளம் | 12 அக்டோபர், 11.15

மறுக்கிறேன். கார்டு பாவம், அதை விட்டுடுங்க.

பை 3 சிப்புக்குள்ள இருக்கிற பூட் ரோமுக்கு (கரண்ட் வந்ததும் முதல்ல ஓடற, சிப்புலயே பதிஞ்ச புரோகிராம்) ஃபேட் பைல் சிஸ்டம் படிக்கத் தெரியும். கார்டைத் திறந்து பூட்கோட்.பின் என்ற பைலைப் பேரைச் சொல்லித் தேடும். அதனால நூப்ஸ் காப்பி பண்ணினாலே ஓடுச்சு. ஆரஞ்சு பை ஜீரோவில இருக்கிறது ஆல்வின்னர் எச்2 பிளஸ். அதோட பூட் ரோமுக்கு பைல், ஃபோல்டர் எதுவும் தெரியாது. கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளி, அதாவது 16-ம் செக்டாருல (ஒரு செக்டார் 512 பைட்) என்ன இருக்குன்னு மட்டும் பார்க்கும். அங்க யூ-பூட் எஸ்பிஎல், அதாவது ஓஎஸ்ஸை எழுப்பற பூட்லோடரோட முதல் துண்டு இருக்கணும். அந்த இடம் எந்த பார்ட்டிஷனுக்குள்ளயும் வராது; ஆர்ம்பியனில் முதல் பார்ட்டிஷனே 4 எம்பி தாண்டித்தான் ஆரம்பிக்கும். நீங்க 7-ஜிப்ல பார்த்தது பார்ட்டிஷனுக்குள்ள இருந்த பைல்களை. பூட்லோடர் அந்தப் பட்டியல்லயே கிடையாது, அப்புறம் எப்படி காப்பி ஆகும்?

இமேஜ்னா கார்டோட முதல் பைட்டிலிருந்து அப்படியே எடுத்த அச்சு. அதை பைட்டுக்கு பைட் எழுதணும். விண்டோஸ்ல பலேனா எட்சர், ராஸ்பெர்ரி பை இமேஜர், ரூஃபஸ் எதுவும் சரி. இமேஜர்ல கடைசியில "யூஸ் கஸ்டம்" இருக்கு, ஆரஞ்சு பை இமேஜையும் அது எழுதும். எழுதி முடிச்சதும் "டிஸ்க்கை ஃபார்மட் பண்ணவா"ன்னு விண்டோஸ் கேக்கும். லினக்ஸ் பார்ட்டிஷன் அதுக்குப் புரியல, அவ்வளவுதான். கேன்சல் கொடுங்க. அங்க ஓகே அழுத்திட்டு "எழும்பல"ன்னு வர்றவங்கதான் பாதிப் பேர்.

உப்பளம் | 12 அக்டோபர், 11.40

விட்டுப்போன ஒண்ணு. கார்டு இல்லாம கரண்ட் கொடுத்தாலும் ஆரஞ்சு பை ஜீரோவில லைட் எரியாது. அந்த எல்இடியை ஏத்தறதே மென்பொருள்தான். அதனால "லைட் எரியல, போர்டு போச்சு"ன்னு முடிவு கட்டாதீங்க. கார்டைக் கழட்டிட்டு மைக்ரோ யூஎஸ்பி வழியா லினக்ஸ் லேப்டாப்புல செருகி எல்எஸ்யூஎஸ்பி (செருகின யூஎஸ்பி சாதனங்களைக் காட்டற கட்டளை) அடிங்க. 1எஃப்3ஏ:ஈஎஃப்ஈ8 என்ற எண் தெரிஞ்சா சிப் உயிரோட இருக்கு. பூட் பண்ண எதுவும் கிடைக்காததால ஃபெல் மோடுக்கு (யூஎஸ்பி வழியா கட்டளைக்குக் காத்திருக்கிற நிலை) போயிருக்குன்னு அர்த்தம்.

மஞ்சக்குப்பம் | 13 அக்டோபர், காலை 7.05

8 கேபி மட்டும் இல்லையே. எச்3 வகை சிப்புங்க 128 கேபி இடத்தையும் பார்க்கும். ஜிபிடி பார்ட்டிஷன் டேபிள் (கார்டு எப்படிப் பிரிஞ்சிருக்குன்னு சொல்ற புது வகை அட்டவணை) வேணும்னா அதுதான் வழி.

உப்பளம் | 13 அக்டோபர், 8.30

சரிதான், அதைச் சேர்த்துக்கலாம். ஜிபிடி போட்டா அதன் அட்டவணை 2-லிருந்து 33-ம் செக்டார் வரை உட்கார்ந்துக்கும். 16-ம் செக்டார் அதுக்கு நடுவுல மாட்டும். பூட்லோடர் எழுதினா அட்டவணை கெடும், அட்டவணையைத் திருத்தினா பூட்லோடர் போகும். அதனால இந்த போர்டுகளுக்கு பழைய எம்பிஆர், இல்லன்னா 128 கேபி.

போர்டுக்கு போர்டு இடம் மாறும் என்பதையும் சொல்லிடறேன். ராக்சிப் சிப்புகளுக்கு முதல் துண்டு 64-ம் செக்டார்ல, யூ-பூட் 16384-ம் செக்டார்ல, அதாவது சரியா 8 எம்பியில. ஐ.எம்எக்ஸ்6-க்கு 1 கேபி. பீகிள்போன் பிளாக் கொஞ்சம் நல்ல பிள்ளை: ஃபேட் பார்ட்டிஷன்ல எம்எல்ஓ என்ற பைல் இருந்தாலும் எடுத்துக்கும், 0, 128, 256, 384 கேபி இடங்கள்ல நேரா எழுதியிருந்தாலும் எடுத்துக்கும். ஒரு போர்டோட இமேஜை இன்னொண்ணுல போட்டா ஏன் மூச்சே விடாதுன்னு இப்ப புரியும்.

ஆரஞ்சு பைக்கு எழுதின கார்டுல பூட்லோடர் இருக்கான்னு பார்க்க: டிடியில (பைட்டுக்கு பைட் நகலெடுக்கிற லினக்ஸ் கட்டளை) பிஎஸ்=1கே, ஸ்கிப்=8, கவுண்ட்=1 கொடுத்து ஹெக்ஸ்டம்ப் மைனஸ் சி-க்கு அனுப்புங்க. வலது பக்க எழுத்து வரிசையில ஈகான்.பிடி0 என்று ஆங்கிலத்தில தெரியணும். தெரியலன்னா இமேஜ் எழுதப்படவே இல்ல.

கெடிலக்கரை | 13 அக்டோபர், மதியம் 1.20

லினக்ஸ் லேப்டாப்புல டிடி போட்டேன். 1.4 ஜிபி/வினாடின்னு காட்டுச்சு, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுது. கார்டை எடுத்துப் போட்டேன். இன்னும் அதே கதை. இப்பவாவது கார்டு டூப்ளிகேட்னு ஒத்துக்கலாமா அண்ணே?

உப்பளம் | 13 அக்டோபர், 2.00

கிளாஸ் 10 கார்டுக்கு உத்தரவாதமே வினாடிக்கு 10 எம்பி. 1.4 ஜிபி வேகத்துல போனது கார்டுக்கு இல்ல, உங்க லேப்டாப் ராமுக்கு. கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) எல்லாத்தையும் கேஷ்ல வாங்கி வச்சுக்கிட்டு "ஆச்சு"ன்னுடுச்சு. கார்டுக்கு மெதுவா அனுப்பிட்டிருக்கும்போதே நீங்க உருவிட்டீங்க.

முழுசா எழுதறேன், அப்படியே செய்யுங்க.

முதல்ல எல்எஸ்பிஎல்கே, டிஸ்க் பட்டியலைக் காட்டற கட்டளை. கார்டு செருகறதுக்கு முன்னாடி ஒருமுறை, செருகின பிறகு ஒருமுறை. புதுசா வந்தது எதுவோ அதுதான் கார்டு. 32 ஜிபி கார்டு 29.8ஜிக்கு கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும். 476.9ஜி காட்டினா அது உங்க லேப்டாப்போட டிஸ்க். டிடிக்கு டிஸ்க் டிஸ்ட்ராயர்னு பட்டப்பேர் சும்மா வரல. யூஎஸ்பி ரீடர்ல பேர் எஸ்டிபி, எஸ்டிசி மாதிரி வரும். லேப்டாப்புல உள்ளேயே இருக்கிற ஸ்லாட்னா எம்எம்சிபிஎல்கே0.

அடுத்து, தானா மவுண்ட் ஆன பார்ட்டிஷன் எல்லாத்தையும் அன்மவுண்ட் பண்ணுங்க. கோப்பு மேனேஜர்ல இருக்கிற "இஜெக்ட்" வேண்டாம், அது சில ரீடர்ல டிவைஸையே எடுத்துடும்.

எழுதும்போது ஓஎஃப் (எங்க எழுதணும்) இடத்துல முழு டிவைஸ்: எஸ்டிபி. எஸ்டிபி1 இல்ல. எஸ்டிபி1-ன்னு போட்டா பார்ட்டிஷனுக்குள்ள இன்னொரு பார்ட்டிஷன் டேபிள் போய் உட்காரும், பூட்லோடர் சில எம்பி தள்ளிப் போயிடும். கூடவே பிஎஸ்=4எம், கான்வ்=எஃப்சிங்க், ஸ்டேட்டஸ்=ப்ராக்ரஸ். எஃப்சிங்க் இருந்தா கடைசி பைட் கார்டுக்குப் போற வரைக்கும் டிடி திரும்பாது. ஓஃப்ளாக்=டைரக்ட் சேர்த்தா காட்டற வேகமும் நிஜ வேகமா இருக்கும். 4 ஜிபி இமேஜ் 10 எம்பி வேகத்துல கிட்டத்தட்ட 7 நிமிஷம். அதை விட ரொம்ப சீக்கிரம் முடிஞ்சா சந்தேகப்படுங்க.

இறக்கின பைலோட கடைசி எழுத்து .எக்ஸ்இசட்-ன்னு இருந்தா அதை நேரா டிடிக்குக் கொடுக்காதீங்க. எட்சரும் இமேஜரும் தானே பிரிச்சுக்கும், டிடி பிரிக்காது. எக்ஸ்இசட்கேட் வழியா பிரிச்சு டிடிக்கு அனுப்பணும். ஏற்கனவே அப்படி எழுதிட்டீங்களான்னு பார்க்க, கார்டோட முதல் பைட்டுகள் எஃப்டி 37 7ஏ 58 5ஏ-ன்னு இருந்தா மூட்டையைப் பிரிக்காமலேயே எழுதியிருக்கீங்க. இறக்கினதும் எஸ்ஹெச்ஏ256 (பைல் கெடாம வந்துதான்னு காட்டற செக்சம் எண்) சரிபார்க்கறதும் இந்தக் கட்டத்துலதான்.

கெடிலக்கரை | 13 அக்டோபர், மாலை 6.45

எழும்பிடுச்சு! எஃப்சிங்க் போட்டதும் நேரம் எடுத்துச்சு, ஆனா எழும்பிடுச்சு. சந்தைக் கார்டு கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்.

மஞ்சக்குப்பம் | 13 அக்டோபர், 7.10

சிங்க் அடிக்காம உருவறது பழைய நோய். ப்ராக்/மெம்இன்ஃபோல டர்ட்டிங்கிற வரியைப் பார்த்துட்டே இருந்தா எவ்வளவு பாக்கின்னு தெரியும்.

உப்பளம் | 14 அக்டோபர், இரவு 10.20

நேத்து எழுதினது பாதி. எஃப்சிங்க் "அனுப்பிட்டேன்"னு மட்டும்தான் சொல்லும். கார்டு வாங்கி வச்சுதான்னு திரும்பப் படிச்சாத்தான் தெரியும். எட்சர் "வேலிடேட்டிங்" காட்டறது இந்த வேலைதான். அதை ஸ்கிப் பண்றவங்க நிறைய, நேரம் மிச்சமாம்.

டிடியில எழுதினா நாமே ஒப்பிடணும். கார்டை எடுத்துட்டு மறுபடி செருகுங்க. இல்லன்னா கேஷ்ல இருக்கிறதையே படிச்சு "சரி"ன்னுடும். அப்புறம் சிஎம்பி கட்டளைக்கு மைனஸ் என் போட்டு இமேஜ் பைலோட பைட் அளவைக் கொடுத்து, இமேஜையும் டிவைஸையும் ஒப்பிடச் சொல்லுங்க. அளவு கொடுக்கலன்னா கார்டு பெரிசா இருக்கேன்னு குறை சொல்லும்.

இதுல ஒரு சிக்கல். மறுபடி செருகும்போது டெஸ்க்டாப் தானா மவுண்ட் பண்ணும். ஈஎக்ஸ்டி4 மவுண்ட் ஆனாலே சூப்பர் பிளாக்ல மவுண்ட் ஆன நேரம், எண்ணிக்கை எல்லாம் எழுதிடும். விண்டோஸ்ல செருகினா ஃபேட் பார்ட்டிஷன்ல சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்னு ஒரு ஃபோல்டர் கேக்காமலே முளைக்கும். ரெண்டுமே ஒப்பீட்டுல வித்தியாசமா வரும், ஆனா கார்டு நல்ல கார்டுதான். அதனால ஆட்டோ மவுண்டை நிறுத்திட்டு செய்யுங்க.

வித்தியாசம் எங்க ஆரம்பிக்குதுங்கிறதை வச்சே நோய் சொல்லலாம். பார்ட்டிஷன் தொடக்கத்துல அங்கங்க சில பைட்டுன்னா மவுண்ட் ஆன தடம். ஒரு இடத்துக்கு மேல எல்லாமே பூஜ்யம், இல்ல குப்பைன்னா கொள்ளளவு பொய். எழுதினது எதுவுமே இல்ல, பழைய இமேஜே அப்படியே இருக்குன்னா, அந்த கார்டு தேய்ஞ்சு தன்னைத்தானே ரீட்-ஒன்லி ஆக்கிக்கிச்சு. இந்த மூணாவதுதான் ரொம்ப ஏமாத்தும்: டிடி எந்தத் தப்பும் சொல்லாம முடிக்கும், ஃபார்மட்டும் "வெற்றி" சொல்லும், உருவிச் செருகினா பழையபடி. அதுக்கு மருந்து குப்பைத்தொட்டி. எறியறதுக்கு முன்னாடி அடாப்டர் பக்கவாட்டுல இருக்கிற லாக் சுவிட்சை மட்டும் ஒருமுறை பார்த்துடுங்க.

கெடிலக்கரை | 19 அக்டோபர், மதியம் 12.30

வேற பிரச்சினை. ஆன்லைன்ல மலிவா வந்த 128 ஜிபி கார்டு சிலது. இமேஜ் எழுதி ஒப்பிட்டேன், ஒரு பைட்கூட மாறல. பூட்டும் ஆச்சு. ரீபூட் பண்ணினதும் ஒண்ணு விழுந்துடுச்சு, கெர்னல் பேனிக். மத்தது ஓடுது.

உப்பளம் | 19 அக்டோபர், 1.15

இப்ப சொல்லுங்க டூப்ளிகேட்னு. இந்த முறை நான் மறுக்க மாட்டேன்.

போலிக் கார்டுல உள்ள நிஜமா இருக்கிறது 8 ஜிபியோ 16 ஜிபியோ. கன்ட்ரோலர் மட்டும் 128-ன்னு பொய் சொல்லும். 4 ஜிபி இமேஜ் அந்த நிஜ இடத்துக்குள்ளேயே அடங்கிடும், அதனால ஒப்பீடு சுத்தமா வரும். முதல் பூட்டுல சிஸ்டம் ரூட் பார்ட்டிஷனை கார்டு முழுக்க விரிக்கும். அப்போ பைல் சிஸ்டம் தூரத்து இடங்கள்ல தன் கணக்குகளை எழுதும். சில கன்ட்ரோலர் அதை முன்பக்கமே சுத்திக் கொண்டுவந்து எழுதும். ரூட்டே சிதைஞ்சு அடுத்த பூட்டுல விழும். சில கன்ட்ரோலர் சத்தமில்லாம தூக்கிப் போட்டுடும். அந்த கார்டு டேட்டா நிரம்பற நாள் வரைக்கும் ஓடும், அப்புறம் விழும். உங்க "மத்தது" ரெண்டாவது ரகமா இருக்கலாம். குட்டைக்குக் கொண்டு போகாதீங்க.

லினக்ஸ்ல எஃப்3ப்ரோப், டெஸ்ட்ரக்டிவ் ஆப்ஷனோட. சில நிமிஷத்துல நிஜ அளவைச் சொல்லிடும், கார்டுல இருக்கிறது அழியும். விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ; கார்டு முழுக்க எழுதிப் படிக்கறதால 128 ஜிபிக்கு ராத்திரி போட்டுட்டுத் தூங்கணும். புது கார்டு எந்தக் கடையில வாங்கினாலும் இதுதான் முதல் வேலை, இமேஜ் அப்புறம்.

உண்மையில உங்களுக்கு 128 எதுக்கு? டேட்டா பதிவுக்கு 16 போதும். காசை ஹை எண்டியூரன்ஸ் கார்டுல போடுங்க. ஏ1 முத்திரைன்னா சின்னச் சின்ன எழுத்து வினாடிக்கு குறைஞ்சது 500. ஓஎஸ் ஓட்ட கிளாஸ் 10 எண்ணை விட இது முக்கியம். ஏ2 முத்திரைக்கு 2000 சொல்வாங்க, ஆனா அந்த வேகத்துக்கு போர்டு பக்கமும் ஆதரவு வேணும், பை 3-ல அது கிடைக்காது.

மஞ்சக்குப்பம் | 27 அக்டோபர், காலை 10.00

நிறைய கார்டு எழுதறப்போ பிமேப்டூல் பாருங்க. இமேஜ்ல காலி பிளாக்கைத் தாண்டிப் போகும். யோக்டோ என்ற கருவியில லினக்ஸ் இமேஜ் கட்டினா .பிமேப் பைல் கூடவே வரும். செக்சமும் உள்ளயே இருக்கு.

உப்பளம் | 27 அக்டோபர், 11.30

நல்ல கருவி. 4 ஜிபி இமேஜ்ல நிஜச் சரக்கு 1.3 ஜிபின்னா, 7 நிமிஷம் ரெண்டேகால் நிமிஷம் ஆகும். ரெண்டு எச்சரிக்கை. அந்த செக்சம் இமேஜ் பைலைச் சரிபார்க்கும், எழுதின கார்டை இல்ல. திரும்பப் படிக்கிற வேலை அப்படியே பாக்கி. இன்னொண்ணு, தாண்டிப் போற இடத்துல பழைய குப்பை அப்படியே இருக்கும். பழைய யூ-பூட் என்விரான்மென்ட் (பூட்லோடர் சேமிச்சு வச்ச அமைப்புகள்) அங்க மிச்சம் இருந்தா புது இமேஜ் பழைய பூட்ஆர்க்ஸோட எழும்பும், நீங்க மாத்தினது எதுவும் எடுபடலைன்னு மண்டை காயும். அதே போல ஜிபிடியோட நகல் கார்டின் கடைசி செக்டார்ல இருக்கும். டிடியும் அதைத் தொடாது, ஏன்னா இமேஜ் அவ்வளவு தூரம் வராது. பயன்படுத்தின கார்டுன்னா எழுதறதுக்கு முன்னாடி வைப்எஃப்எஸ் மைனஸ் ஏ; பழைய பார்ட்டிஷன் அடையாளங்களை அழிச்சுடும். லேப்டாப் உள் ஸ்லாட்டா இருந்தா பிஎல்கேடிஸ்கார்டு முழுசா துடைக்கும். யூஎஸ்பி ரீடர்ல அது பெரும்பாலும் ஒத்துழைக்காது.

ஒரே ஹப்புல நாலு ரீடர் செருகினா நாலு மடங்கு வேகம் வராது. யூஎஸ்பி 2 ஹப்னா எல்லா ரீடரும் சேர்ந்து நடைமுறையில 35 எம்பி சுற்றுவட்டாரம்தான். பழைய ஹப்பைக் கிடாசிட்டு யூஎஸ்பி 3 வாங்குங்க.

உப்பளம் | 27 அக்டோபர், 11.50

ஓடிட்டிருக்கிற ஒரு கார்டையே மாஸ்டர் ஆக்கி நகல் எடுக்கறதா இருந்தா: இட்சி/எஸ்எஸ்ஹெச் உள்ள இருக்கிற ஹோஸ்ட் கீ பைல்களை அழிங்க. முதல் பூட்டுல அதைத் திரும்ப உருவாக்க ஏற்பாடு இருக்கணும், இல்லன்னா எஸ்எஸ்ஹெச் எழும்பாது. மெஷின்-ஐடி பைலை அழிக்க வேண்டாம், காலியாக்குங்க. அதை விட்டுட்டா சில நெட்வொர்க் அமைப்புல எல்லா பெட்டியும் ஒரே ஐபி கேட்டு அடிச்சுக்கும். ஒரு 16 ஜிபி கார்டுல எடுத்த இமேஜ் இன்னொரு கம்பெனி 16 ஜிபியில சில எம்பி வித்தியாசத்துல அடங்காமப் போகும். பைஷ்ரிங்க் ஓட்டிச் சுருக்கிட்டு எழுதுங்க.

பை 3 பக்கம் ஒரு மாற்றம்: ஏப்ரல் 2022-க்கு அப்புறம் பை என்ற யூசரும் பழைய பாஸ்வேர்டும் கிடையாது. திரை இல்லாம வைக்கணும்னா இமேஜர்லயே யூசர், வைஃபை, எஸ்எஸ்ஹெச் மூணும் கொடுத்துடுங்க. புக்வோர்ம் என்ற ஓஎஸ் பதிப்பு வந்த பிறகு பூட் பார்ட்டிஷன்ல டபிள்யூபிஏ சப்ளிகன்ட் பைல் (வைஃபை விவரம்) போடற பழைய தந்திரம் செல்லாது.

கெடிலக்கரை | 9 டிசம்பர், இரவு 8.40

புயல், வெள்ளம், கரண்ட் இல்லாத நாட்கள் எல்லாம் முடிஞ்சு இப்பத்தான் குட்டைப் பக்கம் போக முடிஞ்சுது. தண்ணி படாத பெட்டியிலகூட சில பை 3 எழும்பல. சிவப்பு எரியுது, பச்சை நாலு தடவை மின்னி நிக்குது. வேற ஒண்ணு ஏழு தடவை.

உப்பளம் | 9 டிசம்பர், 9.30

நாலு மின்னல்னா ஸ்டார்ட்.எல்ஃப் கிடைக்கல, ஏழுன்னா கெர்னல் பைல் கிடைக்கல. ரெண்டுமே பூட் பார்ட்டிஷன் சிதைஞ்ச அடையாளம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்தது. அதுக்கு முன்னயும் பின்னயும் கரண்ட் வந்து வந்து போயிருக்கும். ஒரேயடியா போறதை விட அப்படி வந்து போறதுதான் கார்டைக் கொல்லும்.

ஈஎக்ஸ்டி4 ஜர்னல் காப்பாத்தும்னு நம்பாதீங்க. கார்டுக்குள்ள இருக்கிற கன்ட்ரோலர் பல எம்பி அளவுள்ள பிளாக்கை மொத்தமா நகர்த்தி அழிச்சுதான் எழுதும். அந்த நேரத்துல கரண்ட் போனா, நீங்க தொடவே தொடாத பைலும் சேர்ந்து போகும். உங்க பூட் பார்ட்டிஷன்ல யாரும் எதுவும் எழுதல, ஆனாலும் போச்சு பாருங்க.

செய்ய வேண்டியது: ராஸ்பி-கான்ஃபிக்ல ஓவர்லே பைல் சிஸ்டத்தை ஆன் பண்ணுங்க, பூட் பார்ட்டிஷனையும் ரீட்-ஒன்லி ஆக்கவான்னு கேக்கும், ஆமா. இனி எழுத்தெல்லாம் ராமுக்குப் போகும், கார்டு சும்மா இருக்கும். டேட்டாவுக்குத் தனி யூஎஸ்பி டிரைவ். அந்த டிரைவ் செத்தாலும் போர்டு எழும்பும். ஆரஞ்சு பைக்கு ஆர்ம்பியன்-கான்ஃபிக்லயும் இதே வசதி உண்டு. கூடவே சின்ன பேட்டரி பேக்கப்.

கார்டை மாத்தறதுக்கு முன்னாடி ஸ்லாட் காண்டாக்டையும் பாருங்க. கடலோரக் காத்துல பச்சை பூத்திருந்தா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சு, நல்லா காய விட்டுச் செருகுங்க. ரப்பர் வச்சுத் தேய்க்காதீங்க, தங்கப்பூச்சு போயிடும்.

மஞ்சக்குப்பம் | 10 டிசம்பர், காலை 6.50

கார்டே வேண்டாம், பை 3-ஐ நேரா யூஎஸ்பியில பூட் பண்ணலாமே?

உப்பளம் | 10 டிசம்பர், 7.40

பண்ணலாம். 3பி பிளஸ்ல பிறவியிலேயே இருக்கு. சாதா 3பியில ஒருமுறை கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில ப்ரோக்ராம்_யூஎஸ்பி_பூட்_மோட்=1 போட்டு கார்டுல இருந்து பூட் பண்ணணும். சிப்புக்குள்ள ஒரு ஓடிபி பிட் (ஒருமுறை மட்டும் எழுதக்கூடியது) எரியும், அப்புறம் மாத்த முடியாது. எஸ்டி பூட்டை அது கெடுக்காது. எரிஞ்சுதான்னு பார்க்க விசிஜென்சிஎம்டி ஓடிபி_டம்ப், 17-ம் வரி 3020000ஏ-ன்னு வரணும். வந்த பிறகு அந்த வரியை கான்ஃபிக்ல இருந்து எடுத்துடுங்க. விட்டு வச்சா, அந்த கார்டை வேற எந்த பையில செருகினாலும் அதுலயும் எரிச்சுடும்.